மூன்று டவுட்டன்களும் ஒரு தோட்ட வீடும்

பம்மலில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நுங்கம்பாக்கத்தில் கூவம் கரையோரம் இருக்கும் மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். பழைய சென்னையைப் பற்றி நான் எழுதுவதை வரி விடாமல் படிப்பவர். ஒரு நாள் மாலை வழியில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, எங்க காலேஜ்ல டவுட்டன் ஹவுஸ்னு ஒரு பெரிய பங்களா இருக்கு. வேப்பேரியில டவுட்டன்னு ஒரு பஸ் ஸ்டாப்பே இருக்கு. ரெண்டும் ஒரே டவுட்டன்தானா?"

"பார்த்துச் சொல்றேன் டீச்சர்" என்றேன்.

ஒரே ஆள்தான் என்று எண்ண எல்லா நியாயமும் இருக்கிறது. வேப்பேரி நிறுத்தத்துக்குப் பெயர் தந்தது டவுட்டன் கோரி பள்ளி. நுங்கம்பாக்கத்து வீடும் கல்விக்கூடமாகத்தான் நிற்கிறது. இரண்டு டவுட்டன்களுக்கும் முதற்பெயர் ஜான். இருவரும் படையதிகாரிகள். இருவருடைய வாழ்க்கையும் ஐதராபாத் நிஜாமின் எல்லையைத் தொட்டுச் செல்கிறது. இருவரும் இறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ஆறு ஆண்டு இடைவெளியில். இத்தனை பொருத்தம் இருக்கும்போது இருவரையும் ஒருவராக்கிவிடுவது எளிது. பேச்சில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஆவணங்களில் பொருத்தம் மிகுந்து தெரியும் இடத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அதனால் ஆட்களை விட்டுவிட்டு முதலில் வீட்டிலிருந்து தொடங்கினேன். மனிதர்கள் ஊர் மாறுவார்கள், பதவி மாறுவார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்த வீடு ஒரு 'தோட்ட வீடு'. இந்தச் சொல்லுக்குச் சிறு விளக்கம் தேவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் முதலில் கோட்டைக்குள்ளேயே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணம் சேர்த்தவர்கள் கோட்டைக்குத் தெற்கிலும் மேற்கிலும் இருந்த வெட்டவெளியில் பல ஏக்கர் நிலம் வாங்கி, நடுவில் மாளிகை எழுப்பி, சுற்றிலும் மரம் வைத்தார்கள். மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்த வெளிக்குச் 'சத்திரத்துச் சமவெளி' என்ற பொருளில் சோல்ட்ரி பிளெயின் என்று பெயர். வீடு என்பதைவிடத் தோட்டம் என்பதே முகவரியாக இருந்தது. இன்னாருடைய தோட்டம் என்றால் ஆளும் இடமும் ஒருசேர விளங்கிவிடும்.

இப்படி வெளியே வந்து குடியேறத் துணிச்சல் வேண்டியிருந்தது. 1769இல் ஹைதர் அலியின் குதிரைகள் பரங்கிமலை வரை வந்து நின்றன. கம்பெனி அவரோடு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 1780இல் அவர் மறுபடி வந்தபோது சென்னையைச் சுற்றியிருந்த சிற்றூர்கள் எரிந்தன. எங்கள் பம்மலும் பல்லாவரமும் பரங்கிமலையின் காலடியில் இருப்பவை. அந்தப் படைகள் போய்வந்த வட்டாரம் இது. அப்படிப்பட்ட காலத்தில் மதில் இல்லாத வெளியில் கண்ணாடிக் கதவு வைத்து யாரும் மாளிகை கட்டமாட்டார்கள். 1792இல் திப்பு சுல்தான் தோற்றுப் பாதி நாட்டை இழந்த பிறகுதான் அந்த அச்சம் தணிந்தது. ஆகவே இந்த வட்டாரத்துத் தோட்ட வீடு ஒன்றுக்கு 1790களின் தேதி சொல்லப்பட்டால், அது நம்பத்தக்க தேதி.

டவுட்டன் ஹவுஸுக்குச் சொல்லப்படும் ஆண்டு 1798. அதைக் கட்டியவராகச் சொல்லப்படும் பெயர் டவுட்டன் அல்ல, பெஞ்சமின் ரோபக்.

சென்னை வரலாறு தேடும் எவரும் முதலில் கைநீட்டுவது ஹென்றி டேவிசன் லவ் 1913இல் தொகுத்து வெளியிட்ட 'பழைய மெட்ராஸின் சுவடுகள்' என்ற பெருநூலின் பக்கம்தான். கோட்டை ஆவணங்களை வரிவரியாகப் படித்து எழுதப்பட்டது. அதற்கு ஓர் எல்லை உண்டு: 1640இல் தொடங்கி 1800இல் நின்றுவிடும். 1798இல் கட்டிய வீடு அந்த நூலின் கடைசி ஓரத்தில்தான் வரமுடியும். அதன்பின் அந்த வீட்டில் நடந்ததை எல்லாம் வேறு ஏடுகளில் தேட வேண்டும். ரோபக்கின் பெயர் மங்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய வாழ்க்கையின் முக்கியமான பத்தாண்டு, அந்த நூல் முடிந்த பிறகே வருகிறது.

ரோபக் சாதாரண ஆள் அல்ல. ஸ்காட்லாந்தில் 1759இல் கேரன் இரும்பாலையைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவரான டாக்டர் ஜான் ரோபக்கின் குடும்பம். நீராவி எந்திரத்தை மேம்படுத்த ஜேம்ஸ் வாட் திண்டாடிய நாட்களில் பணம் போட்டு முதல் பங்காளியானவர் அந்த டாக்டர்தான். அதில் அவர் நொடித்துப்போன பிறகுதான் பங்கு மாத்யூ போல்டனுக்குப் போயிற்று. அந்தக் குடும்பத்திலிருந்து சென்னைக்கு வந்த பெஞ்சமின், படைச் சம்பளக் கணக்கைப் பார்க்கும் பேமாஸ்டராகவும், நாணயச்சாலைத் தலைவராகவும் உயர்ந்தார். நாணயச்சாலையைச் சென்னைக்காரர்கள் தங்கசாலை என்பார்கள். ஜார்ஜ் டவுனில் தங்கசாலைத் தெரு இன்றும் இருக்கிறது. கையால் அடித்துவந்த காசை எந்திரத்தால் அச்சிடும் ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் நடந்தபோது அதன் பின்னால் இருந்தவர் இவர். இரும்பாலை வீட்டுப் பிள்ளைக்கு எந்திரம் புதிதல்ல.

அவரை வீழ்த்தியது காசு அல்ல, காகிதம். ஆற்காட்டு நவாபுகள் ஆங்கிலேயர்களிடமும் மற்றவர்களிடமும் வாங்கியதாகச் சொல்லப்பட்ட கடன்களின் கதை இந்திய வரலாற்றிலேயே நாற்றம் மிகுந்த அத்தியாயங்களில் ஒன்று. 1801இல் நவாபின் ஆட்சியில் இருந்த கர்நாடகப் பகுதியைக் கம்பெனி எடுத்துக்கொண்டதும், கடன்பத்திரம் வைத்திருந்தோர் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். எது உண்மைப் பத்திரம், எது போலி என்று பிரிக்க ஆணையர்கள் அமர்த்தப்பட்டார்கள். நவாபின் பணியில் இருந்த ரெட்டி ராவ் என்பவருடைய பத்திரங்கள் போலி என்று 1808 வாக்கில் வழக்கு மூண்டது. எதிர்த்து நின்றவர்களில் ரோபக்கும் ஒருவர். ஆளுநர் ஜார்ஜ் பார்லோ ரெட்டி ராவ் பக்கம் நின்றார். நடுவர் குழு ரெட்டி ராவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியும் ஆளுநரின் கோபம் எதிர்த்தவர்கள் மேல்தான் பாய்ந்தது. பாரி முனைக்குப் பெயர் தந்த வணிகர் தாமஸ் பாரிக்குக் கூட நாட்டை விட்டுப் போகும்படி உத்தரவாயிற்று. ரோபக்கின் பதவிகள் பறிக்கப்பட்டன, விசாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டார். 1809இல் அங்கேயே இறந்தார். பத்திரங்கள் போலிதான் என்பது பிற்பாடு வெளிப்பட்டது. அதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இங்கே ஒன்றை எடைபோட வேண்டும். ரோபக்கைத் தியாகி ஆக்கிவிட முடியாது. நவாபின் கடன் விவகாரத்தில் கையை வைத்த வெள்ளையர் எவருக்கும் சொந்தக் கணக்கு ஒன்று இருந்தே இருக்கும். ஆனால் வீட்டைக் கட்டியவர், அதிலிருந்து பெயர்க்கப்பட்டு வேற்றூரில் முடிந்துபோனார் என்பது மட்டும் உறுதி. வீட்டில் அவர் பெயர் ஒட்டவில்லை.

வீட்டையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உயர்ந்த தூண்கள், ஆழமான தாழ்வாரம், அண்ணாந்து பார்க்க வைக்கும் உத்தரம், தட்டையான மொட்டைமாடி. வெயிலுக்கு எதிராக வெள்ளைக்காரர்கள் கிரேக்கக் கோயிலின் முகப்பை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். புதிதாகச் சென்னைக்கு வந்த பயணிகள் கப்பலிலிருந்தே இந்த வெண்மையான தூண்களைப் பார்த்துச் சலவைக்கல் என்று நம்பினார்கள். சலவைக்கல் ஒரு துண்டுகூடக் கிடையாது. இத்தனைக்கும் பல்லாவரம், பம்மல் குன்றுகளில் உலகமே அறிந்த உறுதியான கருங்கல் இருக்கிறது. கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல் இதே வகை என்று கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். தோட்ட வீட்டுக்காரர்கள் தூணுக்கு அந்தக் கல்லை நாடவில்லை. வட்டமாக வெட்டிய செங்கல்லை அடுக்கித் தூணாக்கி, அதன்மேல் சுண்ணாம்பு பூசினார்கள்.

அந்தக் காலத்துக் கட்டடம் எதிலாவது தூணில் பூச்சு பெயர்ந்த இடம் கிடைத்தால் நின்று பாருங்கள். உள்ளே ஒட்டுமொத்தமாகச் செங்கல். வெளியே அடுக்கடுக்கான பூச்சு. முதல் அடுக்கில் மணல் பருபருவென்று கைக்குத் தட்டும். அடுத்தது நைசாக இருக்கும். மேல் அடுக்கு நகக்கனம்கூட இருக்காது. விரலை வைத்தால் கண்ணாடிபோல வழுக்கும், மத்தியானத்திலும் குளிர்ந்திருக்கும். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை நாள்கணக்கில் அரைத்துப் பூசி, ஈரம் காயுமுன் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து வரவழைத்த பளபளப்பு அது. கூரையும் இந்த ஊர்க்காரர்களின் கைவேலைதான்: தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்த்து நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கோத்து, மேலே செங்கல் ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்ற பெயரில் நாடெங்கும் பரவிய முறை. முகப்பின் வரைபடம் ஐரோப்பியப் புத்தகத்திலிருந்து வந்திருக்கலாம். இருநூறு ஆண்டு அதை நிற்க வைத்தது கொத்தனார்களின் கைதான். அவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஆனால் அவர்கள் முறையை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஐசக் பைக் என்பவர் 1732இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், சென்னையில் தலைசிறந்த சுண்ணச்சாந்து எப்படித் தயாராகிறது என்று ஒரு குறிப்பு வெளியிட்டார். வெல்லம் கரைத்த நீர், கடுக்காய், வேகவைத்த பயறு, நேர்த்தியான பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர் என்று அளவோடு சொல்கிறது அந்தக் குறிப்பு. சமையல் குறிப்பைப் படிப்பது போலவே இருக்கும். டவுட்டன் ஹவுஸ் எழும்புவதற்கு அறுபது ஆண்டுக்கும் முந்தைய எழுத்து அது. கொத்தனார் மரபில் அறுபது ஆண்டு இரண்டே தலைமுறை. இந்த பைக், தென் அட்லாண்டிக் கடலில் கம்பெனியின் இடைத்தங்கல் தீவாக இருந்த செயின்ட் ஹெலனாவின் ஆளுநர். அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து கம்பெனிக்கு வேலைபார்த்த ஒரு குடும்பத்தின் பெயர் டவுட்டன். நெப்போலியன் அங்கே சிறையிருந்த காலத்தில் 1820இல் போய்க் காலையுணவு அருந்திய மலைவீடு, வில்லியம் டவுட்டன் என்பவருடையது. ஆகவே கம்பெனியின் பெயர்ப்பட்டியல்களில் டவுட்டன் என்ற குடும்பப்பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தலைகாட்டுவதில் வியப்பில்லை. இந்தச் செய்தியைக் குறித்து வைத்துக்கொண்டேன். பிறகு உதவியது.

ரோபக்குக்குப் பிறகு வந்து, வீட்டுக்குப் பெயரை நிலைக்கச் செய்தவர் ஜெனரல் சர் ஜான் டவுட்டன். 1768இல் பிறந்தவர். 1785 டிசம்பரில் மெட்ராஸ் குதிரைப்படையில் கார்னெட்டாகச் சேர்ந்தார். கார்னெட் என்பது குதிரைப்படை அதிகாரிகளின் அடிமட்டப் பதவி. படிப்படியாக ஏறி, ஐதராபாத் துணைப்படைக்குத் தலைவரானார். துணைப்படை என்றால் நிஜாமின் செலவில், கம்பெனியின் ஆணையில் இயங்கிய படை. 1817 டிசம்பரில் நாக்பூரில் அப்பா சாகிப் போன்ஸ்லேயின் படையை முறியடித்தவர். 1819 ஏப்ரலில் அசீர்கர் மலைக்கோட்டை விழுந்தபோது மற்றொரு கம்பெனித் தளபதியான மால்கமோடு முற்றுகையில் நின்றவர். ஓய்வுக்குப் பின் இங்கிலாந்து போகவில்லை. சென்னையில் தன் வீட்டிலேயே 1847 நவம்பரில், 79 வயதில் இறந்தார். ஊரார் வாயில் அந்த வீடு அவர் பெயரிலேயே நின்றுபோனது இயல்புதான்.

இவரைப் பற்றிச் சொல்லும்போது தவறாமல் ஒரு கதையும் கூட வரும்: பிணையாகப் பிடிக்கப்பட்ட திப்பு சுல்தானின் மகன்களுக்குக் காவலராக இருந்தவர் இவர்தான் என்பது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், சிறுவர்கள் இந்த வீட்டிலேயே இருந்தார்கள் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது கதையைத் தேதியே தீர்த்துவிடுகிறது. 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே அப்போதைய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸிடம் ஒப்படைக்கப்பட்ட அப்துல் காலிக், முயிசுதீன் என்ற இரண்டு சிறுவர்களும் சென்னையில் வைக்கப்பட்டு, 1794 மார்ச்சில் தேவனஹள்ளியில் தந்தையிடம் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். வீடு எழுந்தது 1798இல். இல்லாத வீட்டில் யாரும் இருந்திருக்க முடியாது.

முதல் கதை அவ்வளவு எளிதல்ல. சிறுவர்களோடு இருந்து, அவர்களைக் கொண்டுபோய்விட்ட அதிகாரி கேப்டன் டவுட்டன் என்பது அக்கால எழுத்துகளில் தெளிவாக இருக்கிறது. ஜான் டவுட்டனும் அப்போது மெட்ராஸ் படையில்தான் இருந்தார். இங்கே நான் நம்பியது பதவிகளின் தேதியை. டாட்வெல், மைல்ஸ் என்ற இருவர் 1838இல் வெளியிட்ட இந்தியப் படையதிகாரிகள் பட்டியல் போன்ற ஏடுகள் இதற்காகவே இருக்கின்றன. எவர் எந்த நாளில் எந்தப் பதவிக்கு வந்தார் என்பதைத் தவிர வேறு பேச்சே இராது. 1785 கடைசியில் கார்னெட்டாகச் சேர்ந்த ஜான், லெப்டினன்ட் ஆனதே 1792இல். அதே ஆண்டில், தோற்ற அரசன் ஒருவனின் பிள்ளைகளைப் பொறுப்பேற்கும் கேப்டனாகவும் அவர் இருந்திருக்க வேண்டுமானால் அது அந்தக் காலப் படையின் நடைமுறைக்கே பொருந்தாது. கம்பெனிப் படையில் பதவி உயர்வு மூப்பின்படிதான் வரும். ஒருவர் எவ்வளவு வல்லவராக இருந்தாலும் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

அடுத்த தடயம் இன்னும் வலுவானது. 1798 நவம்பரில் கவர்னர் ஜெனரல் மார்னிங்டன், திப்புவுக்கு எழுதிய கடிதத்தில், பேச்சுவார்த்தைக்கு மேஜர் டவுட்டனை அனுப்புவதாகச் சொல்கிறார். அவர் திப்புவுக்கு நன்கு அறிமுகமானவர் என்றும் குறிப்பிடுகிறார். திப்பு காலம் கடத்தினார். கடைசியில் 1799 பிப்ரவரியில், தாம் வேட்டைக்குப் புறப்படுவதாகவும், மேஜர் டவுட்டன் அதிக ஆளில்லாமல் வரட்டும் என்றும் பதில் எழுதினார். அதற்குள் படைகள் நகரத் தொடங்கிவிட்டன. அந்தத் தூது நடக்கவே இல்லை. மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. 1794இல் கேப்டன், 1798இல் மேஜர், திப்புவின் முகமறிந்தவர்: இம்மூன்றும் ஒரே ஆளைக் காட்டுகின்றன. 1792இல் லெப்டினன்ட் ஆன ஜான் ஆறே ஆண்டில் மேஜர் ஆகியிருக்க வழியில்லை.

அப்படியானால் அவர் யார்? செயின்ட் ஹெலனாச் செய்தியை வைத்து, படையில் இருந்த மற்ற டவுட்டன்களைத் தேடினால் கேப்ரியல் டவுட்டன் கண்ணில் படுகிறார். ஜானைவிட மூத்தவர். கம்பெனிப் படையில் உயர்ந்து, பிறகு இங்கிலாந்து திரும்பி, 1812 முதல் 1824 வரை லங்காஸ்டர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். வயது, பதவி, மூப்பு மூன்றும் இவருக்கே ஒத்துவருகின்றன. திப்புவின் மகன்களை அழைத்துப் போனவர் கேப்ரியல்தான் என்பது என் முடிவு. நேரடிச் சாட்சியத்தைவிடத் தேதிகளின் சாட்சியத்தின் மேல் நிற்கும் முடிவு இது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஜெனரல் ஜானுக்கு இதனால் குறைவு ஒன்றும் இல்லை. நாக்பூரும் அசீர்கரும் அவருடையவை.

வீட்டில் உண்மையிலேயே ஓர் அரசர் காவலில் இருந்திருக்கிறார். அவர் மைசூர்க்காரர் அல்ல, பரோடாவின் மல்ஹர் ராவ் கெய்க்வாட். ஒருவேளை இந்த உண்மைதான் காலப்போக்கில் அந்தப் பழைய கதையோடு கலந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அரச குடும்பம், காவல், டவுட்டன் வீடு என்ற மூன்றும் ஊர் நினைவில் ஒட்டிக்கொண்டால், எந்த அரசர் என்பது மாறிப்போவது வழக்கம்தான்.

1874 நவம்பரில் பரோடாவின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ராபர்ட் பேர் குடித்த பம்பளிமாஸ் சர்பத்தில் பாஷாணமும் வைரப்பொடியும் கலந்திருந்ததாகக் குற்றச்சாட்டு. ரெசிடென்ட் என்பவர் சமஸ்தானத்தில் இருந்துகொண்டு அரசரைக் கண்காணிக்கும் ஆங்கில அதிகாரி. விசாரணைக் குழுவில் மூன்று ஆங்கிலேயர்கள், மூன்று இந்தியர்கள். குவாலியர், ஜெய்ப்பூர் அரசர்களும் திவான் தினகர் ராவும் இந்தியர் தரப்பில். குழு சரிபாதியாகப் பிளந்தது. ஆங்கிலேயர் மூவரும் குற்றம் மெய்ப்பட்டது என்றார்கள். இந்தியர் மூவரும் அதற்கு இணங்கவில்லை. அரசாங்கம் சர்பத்தை ஒதுக்கிவிட்டு, ஆட்சி சரியில்லை என்ற காரணத்தின் பேரில் 1875 ஏப்ரலில் அவரைப் பதவியிறக்கிச் சென்னைக்கு அனுப்பியது. டவுட்டன் ஹவுஸில் வைத்தார்கள் என்பதில் கல்லூரியின் மரபும் நகர வரலாற்று எழுத்துகளும் ஒத்துப்போகின்றன. மல்ஹர் ராவ் 1882இல் சென்னையிலேயே இறந்தார்.

அவர் இங்கே வந்த அதே 1875இல், நம் பக்கத்துக்காரர் ஒருவர் பரோடாவுக்குத் திவானாகப் போனார். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக இருந்து பெயர் எடுத்த டி. மாதவ ராவ். பன்னிரண்டு வயதில் தத்தெடுக்கப்பட்ட சாயாஜி ராவின் பெயரால் ஆட்சியைச் சீர்படுத்தியவர் அவர்தான். 1882இல் பரோடாவை விட்டு விலகிச் சென்னைக்குத் திரும்பினார். மல்ஹர் ராவின் சிறைவாசமும் மாதவ ராவின் திவான் பதவியும் ஆண்டுக்கு ஆண்டு ஒத்துப்போகின்றன. தேடலில் இப்படி ஒன்று தானாக வந்து விழும்போது ஏட்டை மூட மனம் வராது.

கல்லூரிக் கட்டத்துக்கு வருவோம். தோட்ட வீடுகள் பள்ளியாவதும் கல்லூரியாவதும் சென்னையில் புதிதல்ல. டவுட்டன் ஹவுஸ் இருக்கும் சாலைக்குக் கல்லூரிச் சாலை என்ற பெயர் வந்தது மகளிர் கல்லூரியால் அல்ல. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க 1812இல் எல்லிஸ் என்ற கம்பெனி அதிகாரி முன்னின்று அமைத்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியால். இன்று டி.பி.ஐ. என்று எல்லாரும் அழைக்கும் கல்வித்துறை வளாகம் அதன் இடம். கடற்கரையில் கேப்பர் ஹவுஸ், 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரிக்கு இடம் கொடுத்தது. அந்த வீடு இன்று இல்லை. தோட்ட வீட்டை விரும்பிப் பெரிய நிறுவனங்கள் வந்ததற்குக் காரணம் எளிது. நிலம் விரிந்தது, அறைகள் பெரியவை, தாழ்வாரத்தில் ஒரு வகுப்பையே உட்கார வைக்கலாம். பெரிய குடும்பங்களும் பெரிய சம்பளங்களும் குறைந்த பிறகு இவற்றைப் பராமரிக்கத் தனியாட்களால் முடியவில்லை.

மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915 ஜூலையில், கீழ்ப்பாக்கத்தில் ஹைட் பார்க் என்ற வாடகை வீட்டில் 41 மாணவிகளோடு தொடங்கியது. பிரிட்டனையும் அமெரிக்காவையும் சேர்ந்த பன்னிரண்டு மிஷன் அமைப்புகள் கூட்டாக நடத்தின. முதல்வர் எலினர் மெக்டூகல். அடுத்த ஆண்டே டவுட்டன் ஹவுஸுக்கு இடம்பெயர்ந்தது. இதோடு ஒப்பிட, எங்கள் பக்கத்துத் தாம்பரத்தைச் சொல்லலாம். மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் வந்தபோது, சேலையூர்க் காட்டு நிலத்தை வாங்கி எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிக்கொண்டது. மகளிர் கல்லூரிக்கு அந்த வாய்ப்பு இல்லை; ஆடவர் வாழ்ந்து முடித்த மாளிகைக்குள் பெண்கள் புகுந்து அதைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். பெஞ்சமின் ரோபக் தன் விருந்தினருக்காகப் போட்ட கூடங்களில், பட்டம் படிக்க ஊரை விட்டு வந்த பெண்கள் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டின் இருநூறு ஆண்டில் எனக்கு மிகப் பிடித்த மாற்றம் இதுதான். கல்லூரி வந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது; வேறு எந்தக் குடித்தனக்காரரும் அங்கே இவ்வளவு காலம் இருந்ததில்லை.

ஆனால் ஜெனரல் ஜான் டவுட்டன் இதற்காக ஒரு காசும் விட்டுப்போகவில்லை. அவர் இறந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுக்குப் பிறகுதான் அது கல்லூரியானது. கல்விக்காகப் பணம் விட்டுப்போனவர் இன்னொரு ஜான், கேப்டன் ஜான் டவுட்டன். வேப்பேரி நிறுத்தத்தின் டவுட்டன் அவர்.

இருவரையும் பிரிக்கும் கோடு பதவி மட்டும் அல்ல. கேப்டன் டவுட்டன் ஆங்கிலோ-இந்தியர். 1791இல் கம்பெனி பிறப்பித்த ஆணையின்படி, இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்கள் அதன் சிவில், படைப் பணிகளில் அதிகாரியாகச் சேர முடியாது. 1795இல் அது மேலும் இறுகியது. வாத்தியக்காரராகவும் குதிரைக்கு லாடம் அடிப்பவராகவும் வேண்டுமானால் இருக்கலாம் என்றார்கள். அப்படி வெளியே நிறுத்தப்பட்ட இளைஞர்கள் சமஸ்தானப் படைகளுக்குப் போனார்கள். கேப்டன் டவுட்டன் பணியாற்றியது நிஜாமின் படையில். ஜெனரலோ கம்பெனியின் சொந்தக் குதிரைப்படையில் வளர்ந்து, நைட் பட்டம் பெற்று, 1837இல் அதன் உச்ச நிலையான ஜி.சி.பி. வரை போனவர். இருவர் வாழ்க்கைக் குறிப்பிலும் ஐதராபாத் வருகிறது. ஒருவர் அங்கே கம்பெனியின் தளபதி, மற்றவர் கம்பெனி வேண்டாம் என்று சொன்னதால் அங்கே போனவர். குழப்பத்துக்குக் காரணமான அதே ஊர்தான் இருவரையும் தெளிவாகப் பிரித்தும் காட்டுகிறது.

கேப்டன் டவுட்டன் 1853இல் லண்டனில் இறந்தார். தன் சமூகத்துப் பிள்ளைகளின் படிப்புக்காக உயிலில் பெருந்தொகை எழுதியிருந்தார். ஒரு பாதி கல்கத்தாவில், ஆங்கிலோ-இந்தியப் பெற்றோர்கள் ஜான் ரிக்கெட்ஸின் முயற்சியில் 1823இல் தாங்களே தொடங்கிய பேரன்டல் அகாடமிக்குப் போயிற்று. 1855இல் அது டவுட்டன் கல்லூரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. மறுபாதி சென்னைக்கு வந்தது. அந்தப் பணத்தில் 1855 மார்ச் 1ஆம் தேதி வேப்பேரியில் டவுட்டன் புராட்டஸ்டன்ட் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னையின் முதல் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் கோரி 1836இல் நிறுவிய பள்ளியின் மரபும் பிற்பாடு அதோடு சேர்ந்து, டவுட்டன் கோரி என்ற இரட்டைப் பெயர் நிலைத்தது. வகுப்புகள் இன்றும் நடக்கின்றன. வெளியே பேருந்து நிற்கும்போது நடத்துநர் கூவுவது நுங்கம்பாக்கத்து ஜெனரலின் பெயரை அல்ல, நிஜாமின் படையில் பணியாற்றிய கேப்டனின் பெயரை.